சீமை வௌவாலும் மரக்காளானும் மாமாவின் இழுப்பும்

ஒரு வௌவாலுக்கும் ஒரு மரக்காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது என்னைக் கேட்டால் பத்தொன்பது வித்தியாசம் சொல்லுவேன். சிவப்பு மையில் கோடு போட்டு, இரண்டு பத்தியாகப் பிரித்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதியும் காட்டுவேன். அந்தப் பத்தொன்பதில் ஒன்றுகூட எனக்கு உதவாமல் போன ஒரு பிற்பகல் உண்டு. அன்றைக்கு என் மாமனார் இந்த இரண்டில் ஒன்றை விழுங்கியிருந்தார். எது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் அவர் உயிர் போகும்.

அப்போது நான் கண்டியில் ஒரு துரையிடம் கிளாக்கர். முப்பது வருஷம் தோட்டம் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர். ஊருக்குத் திரும்பாமல் ஹந்தானை மலைச் சரிவிலேயே பங்களா கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். ஹந்தானையில் மிச்சமிருந்த காட்டை வெட்டித் தேயிலை வைத்ததில் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு. மரமெல்லாம் தீர்ந்த பிறகுதான் அவருக்கு மரங்களின்மேல் பிரியம் வந்தது. அதுவும் இங்கே வெட்டின மரங்களின்மேல் அல்ல. சிறு வயதில் அவர் சுற்றித் திரிந்த சீமைக் காடு ஒன்றின்மேல். அந்தக் காட்டைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க மொட்டையாக, வரிசை வரிசையாகத் தேயிலை நிற்கும். நான் ஜன்னலைப் பார்க்காமல் துரையைப் பார்த்துத் தலையாட்டுவேன். எனக்குச் சம்பளம் அந்தத் தலையாட்டலுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கையெழுத்துக்கு என்று அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து உண்மையிலேயே அழகு. என்னிடம் இருந்த அழகு அது ஒன்றுதான்.

அந்த வருஷம் டவுனில் துரைமார் கூடும் வாசிப்புச் சங்கத்தில் பேசுவதற்குத் துரைக்கு அழைப்பு வந்தது. ‘மரத்தை நம்பிப் பிழைக்கும் இருவர்’ என்பது விஷயம். இருவரில் ஒருவர் வௌவால், மற்றவர் மரக்காளான். இரண்டும் அதே சீமைக் காட்டிலிருந்து துரையின் தம்பி கப்பலில் அனுப்பி வைத்தவை. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில், கல்யாணமாகிப் பல வருஷமான தம்பதியைப்போல ஒன்றையொன்று பாராமல் படுத்திருந்தன.

வௌவால் என்றதும் பேராதனைத் தோட்டத்தில் மரம் மரமாகத் தொங்குகிற பழந்தின்னிகளை நினைக்கவேண்டாம். இது என் பெருவிரல் நீளம். உடம்பெல்லாம் கறுப்பு மயிர், நுனியில் மட்டும் பனி விழுந்ததுபோல வெளுப்பு. இரண்டு காதும் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகை மடித்துக் காய்ந்து போனதில் வெற்றிலைக் கடையின் அடித்தட்டில் கிடக்கும் புகையிலைத் துண்டுபோல் இருந்தது. காளானும் கிட்டத்தட்ட அதே அளவுதான். விசிறி வடிவம், தோல்போன்ற பிடி, மேலே பூனைக்குட்டி மயிர்போல் சாம்பல் நிறப் பஞ்சு. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர் என்றுதான் சொல்லத் தோன்றும்.

துரை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வௌவால் மரங்கொத்தி விட்டுப்போன பொந்திலோ, உரிந்த பட்டைக்குப் பின்னாலோ பகலில் உறங்கும். காளான் உறங்குவதுமில்லை, விழிப்பதுமில்லை. வௌவால் வீட்டில் குடியிருக்கும். காளான் வீட்டையே தின்னும். வௌவாலுக்கு ஊரெல்லாம் அலைந்தால்தான் சாப்பாடு. காளானுக்கு உட்கார்ந்த இடத்தில். கடைசியில் துரைக்கு மிகவும் பிடித்த கட்டம் வரும். காளான் மரத்தின் நெஞ்சை அரிப்பதால்தான் பொந்து உண்டாகிறது. பொந்து உண்டாவதால்தான் வௌவாலுக்கு வீடு கிடைக்கிறது. ஒன்று நாசம் செய்கிறது, மற்றது அதில் சுகமாகக் குடியேறுகிறது. இதைச் சொல்லிவிட்டு, இயற்கையின் விந்தையைப் பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்க்காமல் தலையாட்டுவேன்.

இவ்வளவோடு விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சபையில் தொங்கவிடப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று துரை சொன்னார். எனக்குப் படம் வரையத் தெரியும் என்று நான் சொன்னேன். தெரியாது. துரை மகிழ்ந்துபோய், பார்த்து வரையட்டும் என்று டப்பாவை என் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

வீடு கட்டுக்கலைப் பக்கம் ஒரு சந்தில். நானும் மனைவியும்தான். மழைக்காலத்தில் மட்டும் மூன்றாமவராக என் மாமனார் வத்தேகமவிலிருந்து வந்து சேருவார். அவருக்கு இழுப்பு. மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குள் யாரோ ஆர்மோனியத்தின் துருத்தியை மட்டும் இழுப்பதுபோலக் கேட்கும். வத்தேகமவில் அவருக்குச் செத்தல் மிளகாய் வியாபாரம். காலையிலிருந்து சாயங்காலம்வரை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, வத்தேகமச் சீதோஷ்ணம் சரியில்லை என்பார்.

இழுப்புக்கு வௌவால் நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் சைவம். ஆனால் வைத்தியத்துக்காகச் சாப்பிடுவது சாப்பாட்டில் சேராது என்பது மாமாவின் கட்சி. தோட்டத்து ஆள் ஒருவன் சுட்டுக் கொடுத்த பழந்தின்னியை ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்து, பலனில்லை என்று தள்ளியிருந்தார். நம் ஊர் வௌவால் வாழைப்பழம் தின்று கொழுத்த சோம்பேறி, அதற்கு மருந்துக் குணம் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் அன்று சாயங்காலம் நான் டப்பாவைத் திறந்தேன்.

“இது என்ன மாப்பிள்ளை?”

“சீமை வௌவால் மாமா. துரையோட ஊர்க் காட்டுல இருந்து வந்தது.”

துருத்தி ஒரு கணம் நின்றது. “அந்தக் குளிருல இதுக்கு மூச்சு இழுக்காதா?”

செத்த வௌவாலுக்கு மூச்சு இழுக்காது என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் படித்ததைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுகிற ஆள் இல்லை. குளிர்காலம் முழுக்க அது பொந்துக்குள் அன்னம் தண்ணீர் இல்லாமல் உறங்கும், மூச்சு விடுவதுகூட எப்போதாவது ஒன்றுதான் என்று சொன்னேன். மாமா டப்பாவைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. மாதக்கணக்கில் மூச்சே தேவைப்படாத ஒரு பிராணி, அதுவும் சீமையிலிருந்து வந்தது! சீமைத் துணி, சீமை மருந்து, சீமைக் கத்தி என்று வாழ்நாள் முழுக்க நம்பிவந்தவருக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நான் அதையும் கவனிக்காமல் என் பத்தொன்பது வித்தியாசங்களைத் தமிழாக்கி உரக்க வாசித்துக் காட்டினேன். மாமா கேட்டதாகத் தெரியவில்லை. மனைவி அடுக்களை வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் நான் படத்தாள் வாங்கிக்கொண்டு மதியம் வீடு திரும்பியபோது டப்பா திறந்து கிடந்தது. பஞ்சு இருந்தது. பஞ்சில் இரண்டு பள்ளம் இருந்தது. வேறொன்றும் இல்லை. மனைவி பைப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மாமா சாய்மனைக் கதிரையில் சாய்ந்து ஒரு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சாம்பல் நிறத்தில் ஏதோ குழைந்து கிடந்தது.

“ஒரு கரண்டிதான் மாப்பிள்ளை. மிச்சம் ராவைக்கு இருக்கு. திப்பிலியும் தேனும் சேத்து இடிக்கச் சொன்னேன்.”

“எதை மாமா?”

“வௌவாலத்தான். நானே என் கையால எடுத்துக் குடுத்தேன். மத்தது ஏதோ மரச் செதில்தானே, அத யாரு திம்பா?”

சிரட்டையை அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன். துரையின் அலுமாரியில் ஒரு ஜாடி உண்டு. மண்டையோடு படம் போட்டது. பிராணிகளின் தோல் கெடாமலிருக்கப் பூசுகிற பாஷாணச் சவர்க்காரம். துரை தான் பஞ்சடைத்து வைக்கும் செத்த பறவைகளுக்கெல்லாம் அதைப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். தம்பியும் பூசித்தானே அனுப்பியிருப்பார்?

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மாமாவின் மூக்குக் கண்ணாடி வத்தேகமக் கடையில் இருந்தது. கண்ணாடி இல்லாத மாமா, போன வாரம் தபால்காரரை “வாங்க மாப்பிள்ளை” என்று வரவேற்று உட்காரவைத்தவர். அவர் வௌவால் என்று எடுத்துக் கொடுத்தது காளானாகவும் இருக்கலாமே? மிஞ்சியது எது என்று பார்க்க வீடு முழுக்கத் தேடினேன், எதுவும் கண்ணில் படவில்லை.

சிரட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் என் பத்தொன்பது வித்தியாசங்களை வரிசையாக வைத்துச் சோதித்தேன். முதலாவது: வௌவால் பறக்கும், காளான் பறக்காது. சிரட்டையில் இருந்தது பறக்கவில்லை. இரண்டாவது: வௌவாலுக்குப் பல் உண்டு. உரலில் இடித்த பிறகு யாருக்குத்தான் பல் இருக்கும்? ஐந்தாவது: வௌவால் பூச்சிகளைத் தேடிப் போகும், காளானைத் தேடிப் பூச்சிகள் வரும். ஒரு எறும்பு சிரட்டை விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. மனதுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அது தேனுக்கு வந்தது என்று புரிந்தது.

டாக்டரிடம் ஓடியிருக்கவேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிற்பாடு பலமுறை கேட்டுக்கொண்டேன். டவுன் டாக்டரும் துரையும் சனிக்கிழமைகளில் சேர்ந்து டென்னிஸ் ஆடுகிறவர்கள். என் மாமனார் துரையின் வௌவாலைத் தின்றுவிட்டார் என்று டாக்டரிடம் சொல்வதும், துரையின் வரவேற்பறையில் நின்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான். வேலை போய்விடும். மாமாவின் உயிர் ஒரு தட்டில், என் உத்தியோகம் மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதலில் பாஷாணம் பூசியதுதானா என்று நிச்சயம் பண்ணிக்கொள்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஹந்தானைக்கு ஏறினேன்.

துரை வராந்தாவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நின்று, எங்கள் வீட்டில் கரப்பான் பூச்சித் தொல்லை அதிகம், வௌவாலைக் கடித்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது என்றேன். துரை சிரித்தார். கவலைப்படவேண்டியது கரப்பான்தான் என்றார். தன் தம்பி ஒரு குதிரையைக் கொல்லுமளவு பாஷாணத்தை அதன் உடம்பில் தேய்த்து அனுப்பியிருப்பதாகப் பெருமையோடு சொன்னார். காளானுக்கு என்று கேட்டேன். காளானுக்கு எதற்கு, அது வெறும் காளான்தானே என்றார். கரப்பான் ஒரு கரண்டியளவு தின்றுவிட்டால் என்று கேட்டேன். கரப்பான் கரண்டியிலா தின்னும் என்று துரை கேட்டார். சில மணி நேரத்தில் வயிறு பிசைந்து செத்துவிடும் என்றும் சொன்னார். வேறு ஏதாவது பிராணி தின்றால் என்று இழுத்தேன். அவருடைய நாய் ஒருமுறை பாஷாணம் பூசிய மீன்கொத்தி ஒன்றைத் தின்றுவிட்டதாம். கடுகை அரைத்து வெந்நீரில் கரைத்துப் புகட்டினாராம். எல்லாவற்றையும் கக்கிப் பிழைத்துக்கொண்டதாம். இவ்வளவு அக்கறையாக விசாரித்ததற்கு என்னைப் பாராட்டி, மாதிரிகளை மழையில் நனையவிடாதே என்று சொல்லியனுப்பினார். நான் நனைவது பற்றி அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை.

இறங்கி ஓடினேன். சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், “என்ன தம்பி, இந்த மழையில” என்று கேட்டார். ஓடிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார்.

“நான் தேனும் திப்பிலியுந்தான் குடுத்தேன் தம்பி. தேன் நல்ல தேன். வௌவாலுக்கு நான் பொறுப்பில்ல.”

மாமா கண்மூடிக் கிடந்தார். வாய் திறந்திருந்தது. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். உயிர் பிரிகிற சத்தம் என்று நினைத்தேன். குறட்டை என்பது அருகில் போனபிறகு தெரிந்தது. அடுக்களைக்குள் பாய்ந்து, கடுகு எங்கே என்று மனைவியைக் கேட்டேன்.

“என்னங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதக்…”

“பேசிக்கிட்டு நிக்காத. கடுகை அரை. வெந்நீர் வை.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடுகை அரைத்தாள்.

மாமாவை எழுப்பி உட்காரவைத்தோம். சீமை வைத்தியத்தில் இது இரண்டாவது வேளை என்றேன். சந்தோஷமாக வாங்கிக் குடித்தார். முதல் செம்பு முடிந்ததும் முகம் மாறியது. இரண்டாவது செம்பை நானா பிடரியைப் பிடித்துக்கொள்ள நான் புகட்டினேன். அதற்கப்புறம் நடந்ததை விவரிக்கமாட்டேன். முற்றம் போதவில்லை. சாம்பல் நிறக் குழம்பு வந்தது, காலைச் சாப்பாடு வந்தது, பிறகு எத்தனை மழைக்காலமாகச் சேர்த்து வைத்திருந்தாரோ, அவ்வளவு சளியும் வந்தது. மிளகாய்க் கடை முழுவதும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். முடிவில் கதிரையில் துவண்டு விழுந்தார். செத்தார் என்று நினைத்தேன்.

ஒரு நிமிஷம் கழித்து நீளமாக மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். துருத்திச் சத்தம் இல்லை.

“சின்ன வயசுல இப்புடி மூச்சு விட்டேன் மாப்பிள்ளை,” என்றார்.

எனக்கு அது விளக்கு அணையுமுன் வரும் வெளிச்சம் என்றே பட்டது. அடுக்களைக்குப் போய், இனி டாக்டரைத்தான் கூப்பிடவேண்டும், வேலை போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். இதைச் சொன்னபோது நான் ஒரு தியாகி என்ற எண்ணம் எனக்குள் ஓடியதையும் மறைப்பதற்கில்லை. அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

“அப்பா சாப்பிட்டது வௌவால் இல்லீங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இடிச்சது நான்தானே.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அப்பா கொடுத்தது வௌவால்தான். கண்ணாடி இல்லாமலே சரியாகத்தான் எடுத்திருக்கிறார். இவள்தான் அதை அப்பால் வைத்துவிட்டுக் காளானைப் போட்டு இடித்திருக்கிறாள்.

“என் உரல்ல பொணத்தப் போட்டு இடிப்பேன்னு நெனச்சீங்களா? காளான்னா கறி வைக்கிறதுதானே.”

“அதுல விஷமிருந்தா?”

“முந்தாநேத்து நீங்கதானே வாசிச்சீங்க. பதினொண்ணாவதோ பன்னெண்டாவதோ. காளானால மனுசனுக்குக் கெடுதி இல்ல, சவைக்கத்தான் முடியாதுன்னு.”

“முந்தாநேத்து இல்லை, நேற்று,” என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் திருத்தத் தோன்றியது அது ஒன்றுதான். பிறகு, அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்க எப்பக் கேட்டீங்க? மொதல்ல கண்ணு தெரியாத அப்பாவக் கேட்டீங்க. அப்புறம் மலையேறிப்போய் துரையக் கேட்டீங்க.”

பத்தொன்பது வித்தியாசத்தை எழுதியவன் நான். அவற்றைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

வௌவால் எங்கே என்று கேட்டேன். விறகு காயவைக்கும் பரணைக் காட்டினாள். அடுப்புப் புகைக்கு நேரே, காலில் கறுப்பு நூல் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். படுக்கவைத்தால் பாவமாயிருந்ததாம்.

மறுநாள் நானாவின் கடைக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற மாமரத்தில் விசிறி விசிறியாகக் காளான் பூத்திருப்பதைக் கண்டுபிடித்து, அளவான ஒன்றைக் கத்தியால் சீவியெடுத்து, அதையும் ஐந்து நாள் புகையில் வைத்துப் பஞ்சில் படுக்கவைத்தேன். படமும் வரைந்தேன். பார்த்தவர்கள் எது வௌவால் எது காளான் என்று கேட்டார்கள்.

சங்கத்தில் துரை நன்றாகப் பேசினார். நான் ஓரத்தில் நின்று கோலால் படத்தைத் தொட்டுக் காட்டினேன். முடிவில் துரை காளானைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். இந்த வாசனையை எங்கே இருந்தாலும் கண்டுகொள்வேன் என்றார், என் காட்டின் வாசனை. வௌவாலையும் முகர்ந்தார். ஊரில் இலையுதிர் காலத்தில் சருகுகளைக் குவித்து எரிக்கும் புகை இன்னும் அதன் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். முன்வரிசையில் இரண்டு துரைசானிமாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். அது எங்கள் வீட்டுப் பலா விறகின் புகை. நான் ஜன்னலைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

மாமாவுக்கு அந்த மழைக்காலம் முழுவதும் இழுப்பு வரவில்லை. கடுகு நீர் செய்த வேலை என்று நான் நினைக்கிறேன். தன் தேன் செய்த வேலை என்று நானா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி இரண்டு மூன்று போத்தல் விற்றார். மாமாவோ சீமை வௌவாலின் மகிமையை வத்தேகமச் சந்தை முழுக்கப் பரப்பினார்.

அடுத்த வருஷம் முதல் மழைக்கு வந்து இறங்கியபோது துருத்தி மறுபடி ஊதிக்கொண்டிருந்தது. பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“துரைகிட்ட இன்னொரு வௌவால் கெடக்குமா மாப்பிள்ளை?”

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தேன்.

“இருக்குப்பா,” என்று சொல்லிவிட்டு, அவள் கத்தியை எடுத்துக்கொண்டு நானாவின் கடைப் பக்கம் போனாள். நான் அடுக்களைக்குப் போய்க் கடுகு டப்பாவை எடுத்து வைத்தேன்.